புண்படுத்தும் சொல்லை விடுவது எப்படி: தன்பாலீர்ப்பாளரும் நம் கொங்குப் பேச்சும்

திருப்பூரில் பவர் டேபிள் (தையல் எந்திரங்கள்) போட்டு ஜாப் ஒர்க் எடுத்துச் செய்கிற சிறிய கொட்டகை ஒன்றை நான் பல ஆண்டுகளாக நடத்தி வருகிறேன். தைத்து வந்த பீஸ்களைப் பன்னிரண்டு பன்னிரண்டாக எண்ணிக் கட்டுவது கைமடிகளின் வேலை. வாய்விட்டு எண்ணுவதுதான் வழக்கம், அப்போதுதான் பக்கத்தில் இருப்பவருக்கும் கணக்குத் தப்பாது. எங்களிடம் கைமடியாக இருந்த பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன் "ஏழு, எட்டு" என்று சத்தமாக எண்ணி வருவான். அடுத்த எண்ணுக்கு உதட்டை மட்டும் அசைப்பான். "பத்து" என்று மறுபடியும் குரல் எடுப்பான். முதலில் அது ஏதோ பழக்கம் என்று நினைத்தேன். கட்டிங் மாஸ்டர் அவனுக்கு வைத்திருந்த பட்டப்பெயர் "ஒம்போது" என்பதும், அவன் அந்த எண்ணைச் சொல்லும்போதெல்லாம் வரிசையில் இருந்த அத்தனை பேரும் சிரித்திருக்கிறார்கள் என்பதும், அதனால்தான் அவன் அந்த எண்ணையே விழுங்கக் கற்றுக்கொண்டான் என்பதும் எனக்கு உறைக்கப் பல வாரங்கள் ஆயின. பட்டப்பெயர் என் காதில் விழாமல் இல்லை. ஏற்றுமதிச் சரக்குக்கு நாள் நெருங்கியிருந்தது, மாஸ்டர் வேலையில் கெட்டிக்காரர், அவரிடம் இதைப் பேசுவானேன் என்று விட்டுவிட்டேன்.

அவன் தன்பாலீர்ப்பு உள்ளவனா என்பது எனக்கு அன்றும் தெரியாது, இன்றும் தெரியாது. நடை கொஞ்சம் நளினமாக இருந்தது, குரல் மெலிந்திருந்தது, அவ்வளவே. ஆனால் அந்தக் கொட்டகையில் வேலை பார்த்த முப்பது பேரில் யாராவது ஒருவர் தம் ஈர்ப்பை வெளியே சொல்லாமல் வைத்திருந்திருந்தால், அந்தச் சிரிப்பிலிருந்து அவர் என்ன பாடம் கற்றிருப்பார் என்பதை நான் பிறகுதான் யோசித்தேன். இந்தச் சொற்களோடு வளர்ந்து, அவற்றைத் தப்பென்று உணர்ந்து, ஆனால் எங்கே தொடங்குவது, பெரியவர்களிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் நிற்கிறவர்களுக்காக, நான் தட்டுத் தடுமாறிக் கற்றதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் சொற்களைப் பிரித்தறிய வேண்டும்

நம் பக்கத்தில் திருநங்கையையும் தன்பாலீர்ப்பு உள்ள ஆணையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவது மிகச் சாதாரணம். பிறப்பில் ஆண் என்று குறிக்கப்பட்டுத் தம்மைப் பெண்ணாக உணர்ந்து வாழ்பவர் திருநங்கை. பெண் என்று குறிக்கப்பட்டு ஆணாக வாழ்பவர் திருநம்பி. இது ஒருவர் தம்மை யாராக அறிகிறார் என்பதைப் பற்றியது. ஆணாகவே இருந்து ஆணிடம் ஈர்ப்புக் கொள்பவரும், பெண்ணாகவே இருந்து பெண்ணிடம் ஈர்ப்புக் கொள்பவரும் தன்பாலீர்ப்பாளர். இது மனம் யாரை நாடுகிறது என்பதைப் பற்றியது. "ஒம்போது", "அலி" போன்ற வசைகள் இந்த இரண்டு வகையினர் மேலும் பாய்கின்றன, இரண்டிலும் சேராத, சற்றே மென்மையான எந்த ஆண் மேலும் பாய்கின்றன. எனவே, ஒருவரை இன்னார் என்று ஊகித்து, அந்த ஊகத்துக்கு ஏற்ற நாகரிகச் சொல்லைத் தேடுவது சீர்திருத்தம் ஆகாது. ஊகிப்பதையே நிறுத்த வேண்டும்.

"ஓரினச்சேர்க்கை" என்ற சொல்லைச் செய்தித்தாள்களில் நெடுங்காலம் படித்துப் பழகிவிட்டோம். அதில் வசை எதுவும் இல்லையே என்று நானும் நினைத்தேன். ஆனால் "சேர்க்கை" என்பது ஒரு மனிதனின் அன்பு, ஏக்கம், துணை, தனிமை எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் படுக்கையறையை மட்டும் சுட்டுகிறது. மணமான ஒருவரை நாம் அப்படி ஒரு சொல்லால் குறிப்பதில்லை. "ஈர்ப்பு" என்று சொன்னால் பேச்சு மனத்தின் பக்கம் திரும்புகிறது. இதை யாரோ சிலர் தாமாகச் சொல்லிக்கொள்வதாக எண்ண வேண்டாம். சென்னை உயர் நீதிமன்றம் வலியுறுத்தியதை அடுத்து, தமிழ்நாடு அரசு 2022 ஆகஸ்டில் இதற்கான சொற்பட்டியல் ஒன்றை அரசிதழில் வெளியிட்டது. தன்பாலீர்ப்பு, இருபாலீர்ப்பு (இரு பாலரிடமும் ஈர்ப்பு), பால்புதுமையர் (ஆங்கிலத்தில் குயர்), ஊடுபால் (இன்டர்செக்ஸ்) ஆகிய சொற்கள் அரசு வழக்குக்கு வந்தது அப்படித்தான். "கே", "லெஸ்பியன்" என்ற சொற்களைத் தமக்கே பயன்படுத்துகிறவர்கள் கோவையிலும் ஈரோட்டிலும் உண்டு. அவர்கள் எதை விரும்புகிறார்களோ அதுவே சரியான சொல். "ஹோமோ" என்று சுருக்கிச் சொல்வது வசையாகவே ஆகிவிட்டது, அதை விட்டுவிடுவதே நல்லது.

இவற்றைவிடக் கவனிக்க வேண்டிய சொல் ஒன்று உண்டு. "அவரு ஒரு மாதிரிங்க", "அந்த மாதிரி ஆளுங்க" என்று குரலைத் தாழ்த்திச் சொல்கிறோமே, அதில் வசை இல்லாததால் மரியாதையாகப் பேசிவிட்டதாக நினைத்துக்கொள்கிறோம். தாழ்த்திய குரலும், சொல்லாமல் விட்ட மிச்சமும் சேர்ந்து, இது வாயால் சொல்லக்கூடாத அசிங்கம் என்பதைக் கேட்பவர் மனதில் ஆணி அடித்தாற்போல் இறக்கிவிடுகின்றன. பக்கத்து அறையில் படித்துக்கொண்டிருக்கும் மகன் அதைக் கேட்கிறான். சொல்ல வேண்டிய இடத்தில் "தன்பாலீர்ப்பாளர்" என்று சாதாரணக் குரலில் சொல்லுங்கள். சொல்ல வேண்டிய தேவை இல்லாத இடத்தில் ஒன்றும் சொல்லாதீர்கள்.

ஒரு வாரம் நம் வாயைக் கவனிப்பது

அடுத்தவரைத் திருத்துவதற்கு முன், ஏழு நாட்கள் நம் பேச்சை நாமே கேட்க வேண்டும். நான் ஒரு சிறிய குறிப்புச் சீட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, அப்படிப்பட்ட ஒரு சொல் என் வாயில் வந்தபோதெல்லாம் கோடு போட்டேன். வசையாக வந்தது குறைவு. "பொட்டப்புள்ளயாட்ட அழுவாத" என்று அண்ணன் மகனை அதட்டியதும், பயந்து பேசிய வியாபாரி ஒருவரைப் பற்றிச் "அவன் ஆம்பளையே இல்லை" என்று சொன்னதும், கூந்தல் வளர்த்த இளைஞனைப் பார்த்து நண்பரிடம் கண் சிமிட்டியதும்தான் அதிகம். அப்போதுதான் எனக்கு விளங்கியது: ஆணுக்குரிய வசைகளில் பாதி, பெண்ணாக இருப்பது கேவலம் என்ற எண்ணத்தில் வேர் விட்டவை. அந்த வேரை விட்டுவிட்டு "ஒம்போது" என்ற கிளையை மட்டும் வெட்டினால் அது வேறு பெயரில் துளிர்க்கும். ஆகவே சீட்டில் இவற்றுக்கும் சேர்த்தே கோடு போடுங்கள்.

இன்னொன்றையும் அந்த வாரத்தில் கவனியுங்கள். "எப்பங்க கண்ணாலச் சோறு போடறீங்க?" என்ற கேள்வியை எத்தனை பேரிடம், எத்தனை முறை கேட்கிறீர்கள்? நம் ஊரில் இது நலம் விசாரிப்பதைப் போன்றது. கேட்காவிட்டால் அக்கறை இல்லை என்று நினைப்பார்கள் என்றே கேட்கிறோம். தோட்டமும் வீடும் ஒற்றை மகன் பெயரில் இருக்க, தாய்மாமன் முதல் பங்காளி வரை ஒவ்வொருவரும் ஜாதகக் கட்டை வாங்கிக்கொண்டு போக, நோம்பிக்கு ஊருக்கு வரவே அஞ்சுகிற இளைஞர்கள் இருக்கிறார்கள். அவர்களில் பெண் அமையாதவர் உண்டு, திருமணமே வேண்டாதவர் உண்டு, தன்பாலீர்ப்பு உள்ளவரும் உண்டு. மூவருக்கும் அந்தக் கேள்வி வலிக்கிறது. "வேலை எப்படிங்க போகுது, உடம்பு நல்லா இருக்குதுங்களா" என்று கேட்டாலும் அக்கறை அக்கறைதான்.

அடுத்தவர் பேச்சை நிறுத்துவது

இதுதான் கடினம். யாரிடம் பேசுகிறோம் என்பதைப் பொறுத்து வழி மாறும்.

நம்மைவிட மூத்தவர் பேசினால், சபையில் மறுத்துப் பேசுவது நம் பழக்கத்தில் அவரை அவமதிப்பதாக ஆகிவிடும். பிறகு அவர் தாம் சொன்னது சரியா என்று யோசிப்பதை விட்டுத் தம் கௌரவத்தைக் காப்பாற்றத் தொடங்குவார். சபையில் செய்யக்கூடியது, சிரிக்காமல் இருப்பது. இது சிறிய செயலாகத் தோன்றும். ஆனால் பேக்கரி வாசலில் நான்கு பேர் நின்று டீ குடிக்கும்போது ஒருவர் மட்டும் சிரிக்காமல் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தால், சொன்னவருக்கு அது நிச்சயமாகத் தெரியும். பிறகு தனியாக, வண்டி எடுக்கும் இடத்தில், "மாமா, அந்தச் சொல் வேண்டாமுங்க, நம்ம ஊட்டுப் பிள்ளைகளும் கேக்குதுங்க" என்று மட்டும் சொன்னால் போதும். அங்கே நின்று உயிரியலும் சட்டமும் விளக்கத் தொடங்காதீர்கள். கேட்டால் மட்டும் விளக்குங்கள்.

ஒத்த வயதினரிடம் உடனே, எல்லார் முன்னாலும், சுருக்கமாகச் சொல்லலாம். "அது எதுக்குங்ணா அந்தப் பேச்சு?" என்று கேட்டுவிட்டுப் பேச்சை விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும். நீட்டினால் நீங்கள் உபதேசம் செய்பவர் ஆகிவிடுவீர்கள், அவர் பாதிக்கப்பட்டவர் ஆகிவிடுவார்.

நமக்குக் கீழே வேலை செய்பவர் பேசினால் தயங்கக்கூடாது. அங்கே நம் மௌனம் அனுமதியாகிவிடுகிறது, என் கொட்டகையில் அதுதான் நடந்தது. கடைசியில் நான் மாஸ்டரைத் தனியே அழைத்து, "அந்தப் பேரு வேண்டாமுங்க மாஸ்டர், அவனுக்குப் பேரு இருக்குதுங்க" என்றேன். "சும்மா வெளையாட்டுக்குத்தானுங்களே" என்றார். "வெளையாட்டுன்னா அவனுமல்லங்க சிரிக்கோணும்" என்றேன். அவர் பதில் சொல்லவில்லை. அடுத்த வாரமே பழைய பெயர் ஒருமுறை அவர் வாயில் வந்தது. என்னைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். மூன்று மாதங்கள் இப்படியே போயின. சொல் ஒரே நாளில் போகாது, பார்த்துக்கொண்டிருக்கிற கண் ஒன்று வேண்டும் என்பது எனக்குத் தெரிந்தது. தண்டத்தொகை வைத்த கொட்டகைக்காரர் ஒருவரை அறிவேன். பத்து ரூபாய் கொடுத்துவிட்டு வசைபாடுவதே அங்கே ஒரு விளையாட்டாகிவிட்டது. அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

குழந்தைகளிடம் அதட்டல் உதவாது. பள்ளியிலிருந்து அந்தச் சொல்லைக் கொண்டுவரும் பிள்ளைக்குப் பெரும்பாலும் பொருள் தெரியாது. அதைச் சொன்னால் ஒருவன் அழுகிறான் என்பது மட்டும்தான் தெரியும். "அப்படின்னா என்ன கண்ணு?" என்று கேளுங்கள். தெரியாது என்று சொன்னால், அது பிறரை அழவைக்கப் பயன்படுகிற சொல் என்றும், ஆணை ஆணும் பெண்ணைப் பெண்ணும் விரும்புவது உலகில் எப்போதும் இருந்து வருவது என்றும் இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிடலாம். பெரியவர்கள் நெளியாவிட்டால் பிள்ளைகள் நெளிவதில்லை.

"நம்ம ஊரு மரியாதைக்குப் பேர் போனதுங்க" என்பார்கள்

ஆம், "வாங்க, போங்க, சொல்லுங்க" என்று பேசுவதில் கொங்கு நாட்டுக்கு ஈடில்லை. குழந்தையைக்கூட "வாங்க சாமி" என்று அழைப்பவர்கள் நாம். ஆனால் அந்த "ங்க" எல்லாருக்கும் சமமாகக் கிடைத்ததில்லை. தோட்டத்தில் எட்டு வயதுப் பையன் அறுபது வயதுப் பண்ணையாளைப் பெயர் சொல்லி "வாடா" என்று கூப்பிட்டதைக் கேட்டு வளர்ந்தவன் நான். அன்று அது யாருக்கும் தவறாகத் தோன்றவில்லை. இன்று அப்படிக் கூப்பிட்டால் கேட்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அந்த மாற்றம் தானாக வரவில்லை. கீழே நிறுத்தப்பட்டவர்கள் எதிர்த்து நின்று, படித்து, வேறு வேலைக்குப் போய், அடி வாங்கிப் பெற்றது. அது இன்னும் முடியவும் இல்லை.

ஈரோட்டிலிருந்து 1925இல் "குடி அரசு" வெளிவரத் தொடங்கியபோது, பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் எழுதுவது பெருமையாகவே இருந்தது. 1929இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு அந்தப் பட்டங்களை விடச் சொல்லித் தீர்மானித்தது. தமிழ்நாட்டில் இன்று பெயரோடு சாதியை எழுதுபவர் அரிது. எழுத்தில் போனாலும் பேச்சில் "ஏனுங் கவுண்டரே" என்று இன்றும் அழைக்கிறோம் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். எழுத்து முதலில் மாறுகிறது, வாய் பின்னால்தான் வருகிறது. "ஊனமுற்றோர்" என்பது "மாற்றுத்திறனாளி" ஆனபோதும், 2020இல் "துப்புரவுப் பணியாளர்" என்பது "தூய்மைப் பணியாளர்" ஆனபோதும் பெயரை மாற்றினால் வாழ்க்கை மாறிவிடுமா என்று கேட்டவர்கள் இருந்தார்கள். கேள்வி நியாயமானது. பெயரால் மட்டும் மாறாது. ஆனால் பழைய பெயரை வைத்துக்கொண்டே வாழ்க்கை மாறியதையும் நான் பார்த்ததில்லை.

திருநங்கையருக்கான நல வாரியத்தைத் தமிழ்நாடு அரசு 2008இல் அமைத்த காலத்தில்தான் "திருநங்கை" என்ற சொல்லும் வீட்டுக்கு வீடு பரவியது. கொங்கு நாட்டாருக்கு அந்தச் சொல்லில் ஒரு தனி உறவு உண்டு. அண்ணன் மனைவியை "நங்கையா" என்று அழைக்கிற வழக்கம் நம்முடையது. திருநங்கை என்ற சொல்லைக் கேட்டபோது எங்கள் வீட்டுக் கிழவி ஒருத்தி, "நங்கைன்னா நம்ம ஊட்டு ஆளுதானே" என்று சொன்னது நினைவில் இருக்கிறது. பொருத்தமான சொல் கிடைத்தால் பெரியவர்கள் இவ்வளவு எளிதாக வந்து சேர்கிறார்கள்.

மறுப்புகளுக்குச் சொல்லக்கூடிய பதில்

"இது வெள்ளைக்காரன் கொண்டுவந்த பழக்கம்" என்பார்கள். வெள்ளைக்காரன் கொண்டுவந்தது தண்டனைதான். 1860இல் ஆங்கில ஆட்சி இயற்றிய இந்திய தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவு இதைக் குற்றமாக்கியது. 2009இல் தில்லி உயர் நீதிமன்றம் அதைத் தளர்த்தியது. 2013 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றியது. 2018 செப்டம்பர் 6 அன்று ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு, வயது வந்தோர் மனமொப்பிக் கொள்ளும் உறவு குற்றமல்ல என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் அந்தப் பிரிவே இல்லை.

"இது நோய், வைத்தியம் பார்த்தால் சரியாகும்" என்பார்கள். உலக சுகாதார நிறுவனம் 1990 மே 17 அன்று தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து நீக்க முடிவு செய்தது. இந்திய மனநல மருத்துவர் சங்கம் 2018இல் இது நோயல்ல என்று அறிவித்தது. ஈர்ப்பை மாற்றுவதாகச் சொல்லிச் செய்யும் சிகிச்சையை 2022இல் தேசிய மருத்துவ ஆணையம் தொழில் ஒழுக்கக்கேடு என்று வகைப்படுத்தியது. மாத்திரை, மின் அதிர்ச்சி, மந்திரிப்பு எதுவும் ஈர்ப்பை மாற்றுவதில்லை, பிள்ளையைத்தான் சிதைக்கின்றன.

இந்த மறுப்புகளைக் கேட்கும்போது நான் பெரும்பாலும் சொல்வது ஒரு நீதிபதியைப் பற்றித்தான். மதுரையைச் சேர்ந்த இரண்டு பெண்கள் ஒருவரையொருவர் விரும்பி, வீட்டாரின் எதிர்ப்புக்கு அஞ்சிச் சென்னைக்குப் போய், காவல்துறைப் பாதுகாப்புக் கேட்டு உயர் நீதிமன்றத்துக்கு வந்தார்கள். வழக்கைக் கேட்ட நீதிபதி ந. ஆனந்த் வெங்கடேஷ், இது பற்றித் தமக்கே தப்பெண்ணங்கள் இருப்பதை வெளிப்படையாக ஒப்புக்கொண்டு, உளவியல் வல்லுநர் ஒருவரிடம் தாமே அமர்ந்து கேட்டுக் கற்றுக்கொண்ட பிறகுதான் 2021 ஜூன் 7 அன்று விரிவான ஆணை பிறப்பித்தார். ஈர்ப்பை மாற்றும் சிகிச்சைக்குத் தடை, காவலருக்கும் நீதித்துறையினருக்கும் பயிற்சி என்று அந்த ஆணை போனது. அதைத் தொடர்ந்து 2022இல் காவலர் நடத்தை விதிகளில் தன்பாலீர்ப்பாளர் போன்றோரைத் துன்புறுத்தக்கூடாது என்ற விதி சேர்க்கப்பட்டது. உயர் நீதிமன்ற நீதிபதி "எனக்குத் தெரியவில்லை, கற்றுக்கொள்கிறேன்" என்று சொல்ல முடிந்தது என்றால், பேக்கரியில் டீ குடிக்கிற நமக்கு அதில் என்ன கௌரவக் குறைச்சல் வரும் என்று கேட்பேன். பலர் அதற்குப் பின் அமைதியாகக் கேட்டிருக்கிறார்கள்.

இல்லாததை இருப்பதாகவும் சொல்லக்கூடாது. தன்பாலினத் திருமணத்தைச் சட்டம் ஏற்கவில்லை; 2023 அக்டோபர் 17 அன்று உச்ச நீதிமன்றம் அந்த உரிமையைத் தர மறுத்தது. ஆனால் 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம், வீட்டாரால் பிரித்து வைக்கப்பட்ட ஒரு பெண்ணை அவள் விரும்பியபடி போக அனுமதித்து, குடும்பம் அமைக்கத் திருமணம் ஒன்றே வழி அல்ல என்றது.

சொந்தப் பிள்ளை சொன்னால்

மேலே எழுதிய எல்லாவற்றையும்விட இதை மெதுவாகப் படிக்க வேண்டுகிறேன்.

உங்கள் மகனோ மகளோ ஒருநாள் இதைச் சொன்னால், அதற்கு முன்பு பல ஆண்டுகள் உங்கள் பேச்சை எடைபோட்டிருக்கிறார்கள் என்று பொருள். டிவியில் ஒரு நகைச்சுவைக் காட்சிக்கு நீங்கள் எப்படிச் சிரித்தீர்கள், பக்கத்து ஊர் நிகழ்ச்சி ஒன்றைப் பற்றி என்ன சொன்னீர்கள் என்பதெல்லாம் அவர்கள் நினைவில் இருக்கும். முதல் ஒரு மணி நேரத்தில் சரியான பதிலைக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. "சொன்னது நல்லதாப் போச்சு சாமி, சாப்பிட்டயா" என்று கேட்டால் போதும். அழுகை வந்தால் அழலாம். "எங்களை இப்படித் தலைகுனிய வெச்சுட்டயே" என்ற வாக்கியத்தை மட்டும் எப்பாடுபட்டாவது விழுங்கிவிடுங்கள். அது ஒருமுறை வெளியே வந்தால் திரும்ப எடுக்க முடியாது.

அடுத்த நாள் யாரிடமும் சொல்லாதீர்கள். தாய்மாமனிடம் மட்டும், அத்தையிடம் மட்டும் என்று தொடங்கினால் ஒறம்பரை (உறவினர்) முழுவதும் ஒரு வாரத்தில் போய்விடும். யாரிடம் சொல்லலாம் என்பது பிள்ளை முடிவு செய்ய வேண்டியது. ஜோசியரிடமோ சாமியாடியிடமோ கூட்டிப்போக வேண்டாம். எல்லாவற்றுக்கும் மேலாக, "கல்யாணம் பண்ணி வெச்சா சரியாப் போயிரும்" என்ற பேச்சை நம்ப வேண்டாம். சீர் செய்து, பந்தல் போட்டு, ஊரையே அழைத்து நடத்திய அப்படி ஒரு திருமணத்தை அருகிலிருந்து பார்த்தேன். மூன்றாம் ஆண்டில் அந்தப் பெண் பிறந்த வீட்டுக்குத் திரும்பினாள். தன்னிடம் என்ன குறை என்று அவள் அம்மாவிடம் கேட்டுக்கொண்டே இருந்தாள். அவளிடம் ஒரு குறையும் இல்லை என்று அவளுக்குச் சொல்லக்கூட அந்த ஊரில் யாருக்கும் வாய் வரவில்லை. அந்த மாப்பிள்ளையின் துன்பத்தைப் பற்றி எழுதுவோர் இருக்கிறார்கள். அவளையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

மகளாக இருந்தால் நெருக்கடி இன்னும் கூடுதல். போனைப் பிடுங்கி, வேலையை நிறுத்தி, இரண்டு வாரத்தில் மாப்பிள்ளை பார்த்துவிடுவார்கள். வயது வந்த மகளை அடைத்து வைக்கச் சட்டத்தில் யாருக்கும் உரிமை இல்லை என்பதை வீட்டில் ஒருவராவது உரக்கச் சொல்ல வேண்டும். தாய்மாமனாக, சித்தப்பனாக நீங்கள் இருந்தால் அந்த ஒருவர் நீங்கள்தான். மனம் தாங்காத நேரத்தில், பிள்ளையும் பெற்றோரும் 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். கல்லூரியில் தொல்லை என்றால், பாலீர்ப்பை வைத்துக் கேலி செய்வதும் ஒதுக்குவதும் ராகிங்தான் என்று பல்கலைக்கழக மானியக் குழுவின் விதி 2016 முதல் சொல்கிறது. 1800-180-5522 என்ற எண்ணில் புகார் செய்யலாம்.

தவறிச் சொல்லிவிட்டால்

பழகிய வாய் தவறும். தவறியவுடன் சரியான சொல்லைச் சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடருங்கள். எதிரில் இருப்பவர் அந்தச் சொல்லால் புண்பட்டவராக இருந்தால், பிறகு தனியே மன்னிப்புக் கேளுங்கள். எந்தச் சொல்லுக்காகக் கேட்கிறோம் என்பதைச் சொல்லிக் கேட்க வேண்டும். "தெரியாமல் சொன்னேன், என் மனசுல ஒண்ணும் இல்லை" என்று சேர்த்தால் அவர் நம்மைச் சமாதானப்படுத்த வேண்டியதாகிவிடும். அந்த வேலையை அவருக்குக் கொடுக்கக்கூடாது.

அந்தக் கைமடிப் பையன், மாஸ்டர் திருந்துவதற்கு முன்பே, தீபாவளி போனஸ் வாங்கிக்கொண்டு வேலையை விட்டுவிட்டான். ஓர் ஆண்டு கழித்து அவன் வேறொரு கம்பெனியில் ஓவர்லாக் டைலராகியிருப்பது தெரிந்து, அங்கே டீ நேரத்தில் போய் நின்றேன். மாஸ்டர் கூப்பிட்ட பெயரைக் கேட்டும் நான் சும்மா இருந்ததற்கு மன்னிப்புக் கேட்டேன். அவன் கொஞ்ச நேரம் டீயை ஆற்றிக்கொண்டிருந்தான். "பரவாயில்லைங்க" என்றான். பழைய முதலாளியிடம் வேறு எதைச் சொல்ல முடியும் என்று எனக்குத் தோன்றியதால், அதை மன்னிப்பாக நான் எடுத்துக்கொள்ளவில்லை. "இங்க எப்படிங்க?" என்று கேட்டேன், அவனை "ங்க" போட்டு நான் பேசியது அதுவே முதல் தடவை. "இங்க பேர் சொல்லித்தானுங்க கூப்பிடறாங்க" என்று சொல்லிவிட்டு, மணி அடிக்கவும் டம்ளரை வைத்துவிட்டு உள்ளே போனான்.